ஒன்று குறைகிறது

"ஷீபா, உன் பட்டியல்ல ஒண்ணு குறையுது."

சாப்பிட்டாயா, மழை எப்படி என்ற விசாரிப்பெல்லாம் இன்று இல்லை. கோட்டயத்து ஆஸ்பத்திரி நூலகத்தில் வல்சலா ஒரு கையில் டெலிபோன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருந்த இரண்டு பட்டியல்களையும் மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள்.

"நல்லாப் பாருங்க சேச்சி. உங்க கண்ணுக்கு வயசாயிடுச்சு" என்று திருச்சூர் ஆஸ்பத்திரி நூலகத்திலிருந்து ஷீபா சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒட்டவில்லை.

"என் கண்ணுக்கு வயசாகட்டும். உன் மூளைக்கு என்னடி ஆச்சு?"

இந்தப் பக்கத்து மருத்துவ நூலகர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இது. சிக்கலான நோயாளியைப் பற்றி டாக்டர் கேள்வி கேட்டால், ஒரு நூலகர் மட்டும் தேடிக் கொடுப்பதில்லை. வேறு ஆஸ்பத்திரி நூலகர் ஒருவரும் தனியாகத் தேடுவார். கடைசியில் இருவரும் கண்டெடுத்த ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இவர் கோட்டை விட்டது அவர் கண்ணில் பட்டிருக்கும். நோயாளியின் பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

இந்தத் தடவை கேள்வி கேட்டவர் டாக்டர் குரியன். பெண், வயது ஐம்பத்து மூன்று. இருப்பதே ஒரு சிறுநீரகம், அதிலும் கட்டி. அறுவை செய்வதா, ஊசியை உள்ளே செலுத்திக் கட்டியைச் சுட்டுக் கருக்குவதா? நாளைக் காலையில் டாக்டர்கள் கூடி முடிவு செய்யப்போகிறார்கள்.

"அந்த இத்தாலிக்காரங்க ஆய்வு எங்கே? ஒரே கிட்னி இருக்கிறவங்களை மட்டும் வச்சுப் பண்ணினது. அதை எப்படி விட்டே?"

"கிடைக்கலை சேச்சி."

"யார்கிட்ட கதை விடறே? கண்ணை மூடிக்கிட்டுத் தேடினாலும் முன்னாடி வந்து நிக்குது. கல்யாணமாகித் திருச்சூர் போற வரைக்கும் என் பக்கத்து மேஜையில உட்கார்ந்துக்கிட்டு, என் பட்டியல்ல ஓட்டை கண்டுபிடிச்சே என் பிராணனை வாங்கினவ நீ."

மேஜையில் இருந்த செல்போன் அதிர்ந்தது. தம்பி பிரகாசன். மழையாக இருக்கிறதே, காரை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று காலையிலிருந்து விடாமல் கூப்பிடுகிறான். அவனுக்கு அக்கா என்றால் உயிர். வல்சலா செல்போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"அது ரொம்பச் சின்ன ஆய்வு சேச்சி. விட்டுடலாமே" என்றாள் ஷீபா.

"விட்டுடலாமா? ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல பாதிப் பேருக்கு இருந்த கிட்னியும் போயிடுச்சுன்னு அதுல இருக்கு. குரியன் டாக்டருக்குக் கத்தியை எடுக்கலைன்னா தூக்கம் வராது. இதைப் பார்க்காம அவர் அந்தப் பொம்பளை மேல கையை வச்சார்னா..."

"தெரியும் சேச்சி. சிலர் வீட்டுக்கே திரும்பலைன்னும் போட்டிருக்கு."

வல்சலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கிடைக்கலைன்னு சொன்னே?"

அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அப்போ படிச்சிருக்கே. படிச்சுட்டு வேணும்னே தூக்கிட்டே. அப்படித்தானே?"

"சேச்சி..."

"பேசாதே. நல்ல சேதியை மட்டும் பொறுக்கிக் குடுக்க நாம என்ன ஜோசியம் பார்க்கிறவங்களா? அந்தப் பொம்பளைக்கு நாளைக்கு ஏதாவது ஆனா, உனக்குச் சோறு இறங்குமா?"

வல்சலாவுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. கூடவே வருத்தமும் வந்தது. இந்தப் பக்கத்தில் எத்தனையோ நூலகர்கள் இருக்க, ஷீபாவிடம்தான் இந்தக் கேள்வி போகவேண்டும் என்று பிடிவாதமாக அனுப்பியவள் அவள்தான். ஷீபாவின் கையில் போனால் எதுவும் தப்பாது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் இன்று மண் விழுந்ததை அவளால் தாங்க முடியவில்லை.

"நான் குரூப்ல எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன். இனிமே உன் தேடலை யாரும் நம்பவேண்டாம்னு."

"சொல்லிக்கோங்க. ஆனா டாக்டருக்கு அது போகாம இல்லை. மதியமே போன் பண்ணி, நேரா குரியன் சாருக்கே அனுப்பிட்டேன். அவர் படிச்சுட்டார். கத்தி வேண்டாம், ஊசியே போதும்னு நாளைக்குச் சொல்லப்போறார்."

வல்சலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அவருக்கு அனுப்பிட்டியா? அப்புறம் எனக்கு வந்த பட்டியல்ல மட்டும் எதுக்குடி தூக்கினே?"

"உங்க கண்ணுல பட்டுடக்கூடாதேன்னுதான். நீங்க ஏற்கனவே தேடிப் படிச்சிருப்பீங்கன்னு தெரியும். ஒருவேளை தப்பித்தவறி விட்டிருந்தீங்கன்னா, என் கையால அதைக் காட்டவேண்டாம்னு நினைச்சேன்."

"என் கண்ணுல பட்டா என்ன? நாம படிக்காத ஆய்வா?"

ஷீபாவின் குரல் உடைந்து வந்தது.

"ஒரே கிட்னின்னு எழுதினீங்க, இன்னொண்ணு எங்கே போச்சுன்னு எழுதலை. அதை உங்க தம்பிக்குக் குடுக்க நீங்க ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போன அன்னிக்கு, கழற்றிக் குடுத்த வளையலை மடியில வச்சுக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தது நான்தானே, சேச்சி?"

வல்சலாவின் கை தானாக வளையலைத் தொட்டது. "இந்தத் தடவையும் வாங்கி வச்சுக்க வருவியாடி?" என்றாள்.