அழுதேன்

கிருஷ்ணம்மாள் கதவைத் தட்டவில்லை. வாசற்படியில் வந்து நின்றாள்.

"உள்ள வா," என்றாள் ரத்தினம்மாள்.

அரியலூரில், ஆசிரியர் பயிற்சிக்கு வந்த பெண்கள் தங்கும் விடுதிக்கு அவள்தான் மேட்ரன். சாயங்காலப் பிரார்த்தனை முடிந்ததும் ஒரு மணி நேரம் அவள் அறை திறந்திருக்கும். பதினோரு வருடமாக அப்படித்தான். மனசில் எதையாவது வைத்துக்கொண்டு தூங்க முடியாத பெண்கள் வந்து உட்காருவார்கள்.

அவள் புத்தி சொல்வதில்லை. கேட்டுக்கொள்வாள். ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்குப் போனதில்லை.

கிருஷ்ணம்மாள் வழக்கம்போல் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, வலது காது அவள் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தாள்.

மத்தியானம்தான் சேதி வந்திருந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு ரங்கூனிலிருந்து நடந்தே கிளம்பியவர்களில் ஒருவன் திருமானூர் வந்து சேர்ந்திருக்கிறான். கூட வந்த கிருஷ்ணம்மாளின் புருஷன் காட்டுவழியில் காலராவில் போய்விட்டானாம். நாளைக் காலை பஸ்ஸில் அவள் ஊருக்குப் போகவேண்டும்.

"அழுகையே வரலைங்கம்மா. நாளைக்கு எல்லாரும் என் மொகத்தத்தான் பாப்பாங்க."

அவள் கை இடது காதுக்குப் போனது.

"இந்தக் காது அவரு அடிச்சுப் போனதுங்க. சேதி கேட்டதும் நல்லா மூச்சு வுட முடிஞ்சுது." பிறகு நிமிர்ந்து கேட்டாள். "உங்க வூட்டுக்காரரு தவறினப்ப நீங்க அழுதீங்களாம்மா?"

இத்தனை வருடத்தில் அந்த அறையில் யாரும் அவளை ஒன்றும் கேட்டதில்லை.

"அழுதேன்," என்றாள்.

கிருஷ்ணம்மாள் தலையாட்டினாள். "அப்ப எனக்குத்தான் மனசு கல்லா இருக்கு," என்று எழுந்தாள். "போயிட்டு வரேங்கம்மா."

அவள் போன பிறகு ரத்தினம்மாளால் உட்கார முடியவில்லை. நடை தாண்டி கிருஷ்ணம்மாளின் அறைவரைக்கும் போனாள். உள்ளே மற்றப் பெண்கள் அவளுக்காகத் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் விசும்பினார்கள். நடுவில் கிருஷ்ணம்மாள் காய்ந்த கண்ணோடு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை போதும். கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடாமலே திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

புருஷனை விட்டு ஓடிவந்தவளை விடுதியில் வைக்கமாட்டார்கள். விதவை என்றால் வைப்பார்கள். அது தெரிந்துதான் பொட்டை அழித்துவிட்டு, வெள்ளைப் புடவையோடு ரத்தினம்மாள் இந்த வேலைக்கு வந்தாள்.

அவள் புருஷன் குன்னத்தில் இருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தைத் தெருவில் வெங்காய வண்டி ஓட்டிக்கொண்டு எதிரே வந்தான். வெள்ளைப் புடவை கண்ணில் பட்டதும், சகுனம் சரியில்லை என்று மாட்டை இழுத்து நிறுத்தினான்.

அவள் தாண்டிப் போகும்வரை முகத்தை அந்தப் பக்கமே திருப்பிவைத்திருந்தான்.