இப்போது அசைகிறது

ஆரியங்கோட்டில் பிற்பகல் மழை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இரைந்துகொண்டிருக்கிறது. நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போவதற்காக அஜிதா ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறாள். இந்த நிமிஷம் கண்ணெதிரே நடந்துகொண்டிருப்பதை மட்டும் சொல்லிப் பழக வேண்டும். அதுதான் இன்றைய பாடம். பக்கத்துக் கட்டிலில் அவள் கணவன் ராஜீவ் படுத்திருக்கிறான். பக்கவாதம் வந்த நாளிலிருந்து நான்கு மாதமாக அவனது வலதுகை வைத்த இடத்திலேயே கிடக்கிறது. "ரெயின் இஸ் ஃபாலிங்," என்கிறாள் ஜன்னலைப் பார்த்து. ரப்பர் மரத்தடியில் கோழிகள் ஒடுங்கி நிற்கின்றன. "ஹென்ஸ் ஆர் ஸ்டாண்டிங்." அவன் சிரிக்கிறான். "என்னையும் சொல்லு மக்கா." "யூ ஆர் லாஃபிங்," என்று திரும்பியவள் அப்படியே நின்றுவிடுகிறாள். சாம்பல் நிற வெளிச்சத்தில் அவனுடைய வலது சுட்டுவிரல் போர்வையை மெல்லச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. அவனுக்கே அது தெரியவில்லை. புத்தகம் அவள் கையிலிருந்து நழுவுகிறது. "எனக்க தெய்வமே! வெரல இன்னும் ஒருக்கா அனக்குங்க." அவன் தலையைத் தூக்கி, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்க்கிறான். விரல் மறுபடியும் அசைகிறது. "இத இங்கிலீஷுல எப்பிடியாக்கும் சொல்லுகது?" என்று கேட்கிறான். வாக்கியம் அவளுக்குத் தெரியும். தன் உள்ளங்கையை அந்த விரலுக்கு அடியில் கொண்டுபோய் வைக்கிறாள். நகம் அவள் தோலை மெதுவாகக் கீறுகிறது.