பச்சை மாறாத குட்டை

தண்ணீர் சாகவில்லை. கச்சல்லா குனிந்து ஒரு கை அள்ளி வெயிலில் காட்டிப் பார்த்தான். பச்சை கொஞ்சமும் குறையவில்லை. அவன் மானம் தப்பியது.

"எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க!" என்று கரையைப் பார்த்துக் கத்தினான். "போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு, ஊரே பார்க்க இதுல இடுப்பளவு நின்னேன். ஆம்பளை இறங்கினா குட்டை மலடாயிடும்னு சொன்னீங்களே, ஆச்சா?"

கரையின் ஒரு பக்கம் சுரைக்குடுவைகளோடு பெண்கள். மறுபக்கம் வேலைக்கு வந்த ஆண்கள். நடுவில் ஊர்த் தலைவர் அபாகர்.

கானெம் பாலைவனத்து மணல்மேடுகளுக்கு நடுவே கிடந்த அந்தக் குட்டையில் பெண்கள் மட்டும்தான் இறங்குவார்கள். குழம்புக்கு ஆகும் பாசியை அள்ளி மணலில் ஊற்றி வடியவிட்டு, காய்ந்ததும் அடை அடையாக வெட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். ஆண் கால் பட்டால் அப்புறம் பாசி பிடிக்காது என்று ஊரே நம்பியது.

கச்சல்லா தலைநகரத்துக் கம்பெனி ஒன்றைக் கையோடு பேசி முடித்துக்கொண்டு வந்திருந்தான். கரையில் சிமெண்டுத் தொட்டிகள், குட்டைக்குள் மோட்டார், தொட்டியில் பாசி வளர்ப்பு, பொடியாக்கி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி. வேலையெல்லாம் ஆண்களுக்கு. அப்போது பெண்களுக்கு என்ன என்று ஒரே ஒருத்திதான் கேட்டாள்.

அவள் யகானா, கச்சல்லாவின் அத்தை. என்றைக்கு அள்ளலாம், என்றைக்குக் கூடாது என்று குட்டைக்கே நாள் குறிக்கிறவள். பந்தயம் கட்டியதும் அவள்தான்.

"நீ ஒருத்தன் இறங்கு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள தண்ணி செத்துப்போனா நீ மூட்டையைக் கட்டு. பச்சையாவே இருந்தா குட்டை உனக்கு."

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

"இப்பவாவது புரிஞ்சுக்க அத்தை," என்றான் கச்சல்லா. "இதுல மாட்டுக்கறியைவிடப் புரதம் ஜாஸ்தி. மாட்டுக்குச் செலவாகிற தண்ணியில கொஞ்சம் இருந்தாப் போதும். நாளைக்கு உலகமே இதைத்தான் திங்கப் போகுது."

"நாங்க நேத்தே தின்னாச்சு மருமகனே. நீ வளர்ந்ததே கம்பங்களியும் பாசிக் குழம்பும் தின்னுதான். அந்தத் தொப்பை மட்டும்தான் பட்டணத்துது."

பெண்கள் சிரித்தார்கள். கச்சல்லாவுக்கு முகம் சுண்டியது.

"சிரிங்க, சிரிங்க. அந்தக் காலத்துல மல்லும் மாமா சேத்துல மாட்டின ஒட்டகத்தை இழுக்க இதே குட்டையில இறங்கலையா? அவரும் போய்ச் சேர்ந்து, ஒட்டகம் அவர் தம்பி மகன் கைக்கு வந்து, அதுவும் கிழடாயிடுச்சு. குட்டைக்கு என்ன ஆச்சு?"

"குட்டைக்கு ஒண்ணும் ஆகலைதான்," என்று யகானா ஒப்புக்கொண்டாள்.

அபாகர் தொண்டையைச் செருமினார். "பேச்சுன்னா பேச்சுதான் யகானா. குட்டை இனிமே இவனுக்கு."

"தாராளமா எடுத்துக்கட்டும்."

அவள் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பாள் என்று பெண்கள் நினைக்கவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அந்தப் பாசி அடையை விற்றுத்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

கச்சல்லா மணலில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "எனக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு. பொறக்கப் போற பசங்க அத்தனை பேரும் இதுக்கு முதலாளிங்க! ம், செருப்பைக் கழட்டுங்கடா. மோட்டாரை இறக்கணும்."

ஆண்கள் கேலியும் கூத்துமாகக் கால்சட்டையைச் சுருட்டினார்கள். நல்ல காரியத்தைத் தாமே தொடங்கிவைக்கலாம் என்று அபாகரும் நீளங்கியைத் தூக்கிப் பிடித்து வலது காலை நீட்டினார். நாலு மனைவிகள் உள்ள பெரிய மனிதர்.

யகானா குடுவையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். போகிற போக்கில், வரிசையில் முதலாவதாக நின்றவன் காதில் ஏதோ சொன்னாள்.

அவன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு கச்சல்லாவை ஏற இறங்கப் பார்த்தான். சுருட்டிய கால்சட்டையைப் பிரித்துவிட்டுச் செருப்பை மாட்டினான்.

பிறகு, பக்கத்தில் இருந்தவனின் காதில் கிசுகிசுத்தான். அவன் அடுத்தவனிடம் சொன்னான். பேச்சு நகர நகர, செருப்புகள் ஒவ்வொரு ஜோடியாகக் காலுக்குத் திரும்பின. கடைசியில் விஷயம் அபாகரிடம் வந்தபோது, நீட்டிய கால் தண்ணீரைத் தொட ஒரு விரற்கடைதான் பாக்கி. நெருப்பைக் கண்டவர்போல் இழுத்துக்கொண்டார்.

"தொழுகைக்கு நேரமாச்சு," என்றார். வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது.

"என்னடா ஆச்சு உங்களுக்கு? தண்ணி நல்லாத்தானே இருக்கு!" என்று கச்சல்லா கத்தினான். ஒருவனும் திரும்பவில்லை. அவன் மைத்துனன்தான் எல்லோரையும் முந்திக்கொண்டு, தன் அப்பா வீட்டுப் பக்கமாக ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தான்.

பெண்கள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுதவளும்தான்.

"அத்தை! அவங்க காதுல என்ன சொல்லித் தொலைச்சே?"

யகானா ஆடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு குட்டையில் இறங்கினாள். குடுவையைச் சாய்த்து, நிதானமாகப் பாசியை ஒதுக்கினாள்.

"குட்டை மலடாகலையே, அப்போ இறங்கினவன்தான் ஆகியிருக்கணும்னு சொன்னேன்."