எதிர்க்கட்டில்

விடுதி ஜன்னல் வழியே வந்த மாலை வெயில் எதிர்க்கட்டிலின் வெறும் மெத்தையில் கிடக்கிறது. அறைத்தோழியாக வரவேண்டியவள் வரவே இல்லை. அதை அம்மாவிடம் சொல்ல இவளுக்கு மனசு வரவில்லை. தன் போர்வையை உருவி அங்கே விரித்து, யாரோ இப்போதுதான் எழுந்துபோனதுபோல் கசக்கிவிடுகிறாள். போன் அடிக்கிறது. திரையில் அம்மா. "அவ எங்கடி?" "குளிக்கப் போயிருக்காம்மா. சரியான வாயாடி, என்னைப் படிக்கவே விடமாட்டா." சிரித்தபடி போனைத் திருப்பிக் கட்டிலைக் காட்டுகிறாள். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள். போர்வையின் ஓரமெல்லாம் அம்மா தன் கையால் போட்ட சிவப்பு நூல் தையல். குளியலறையில் குழாய் சொட்டுகிறது. அம்மா போனை முகத்தருகே கொண்டுவருகிறாள். "சரிடி... குளிருமே, உனக்குப் போத்திக்க என்ன வச்சிருக்கே?"