பக்கத்து வீட்டுச் சாமான்

கர்ர்ர்ரக்... கர்ர்ர்ரக்...

சிமெண்டுத் தரையில் இரும்பு பீரோ நகர்கிற சத்தம். லோகநாதன் தலையணையால் காதை மூடிக்கொண்டான். நைட் ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வந்து இப்போதுதான் கண் அசந்திருந்தான்.

கண்ணைத் திறந்தபோது பீரோ அவன் வீட்டு வாசற்படியில் நின்றது. அதன் பின்னால் பக்கத்து வீட்டுத் திருமலையின் தலை.

"அண்ணே, கால கொஞ்சம் மடக்கிக்க. உள்ள தள்ளிர்றேன்."

"மறுபடியுமா?"

"ஊடு பாக்க ஆள் வருதுண்ணே. புரோக்கர் தணிகாசலம் இட்டாறாரு."

மணவாள நகரில் அந்த இரண்டு வீடும் நடுவில் ஒரே சுவர் வைத்து ஒரே கொத்தனார் கட்டியவை. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். திருமலை வீட்டை விற்கக் கிளம்பியதிலிருந்து லோகநாதனுக்குத் தூக்கம் போயிற்று. யார் பார்க்க வந்தாலும் சாமான் முழுக்க இங்கே வந்துவிடும். காலியாக இருந்தால் கூடம் பெரிசாகத் தெரியுமாம். தணிகாசலத்தின் யோசனை.

பீரோவுக்குப் பின்னாலேயே கட்டில் வந்தது. தையல் மிஷின், டிரங்குப் பெட்டி எல்லாம் வந்தது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த லோகநாதனின் மனைவி எல்லம்மா, முறத்தோடு நகர்ந்து நகர்ந்து அடுப்போரம் போய்ச் சேர்ந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தணிகாசலத்தின் குரல்.

"ஆணியில இன்னாத்துக்கு சட்டை? எடு, எடு. கண்ணாடிய ஜன்னலுக்கு எதுர்ல மாட்டு. குணசுந்தரிம்மா, தப்பா நெனச்சிக்காத, நீ கொஞ்சம் வெளிய நின்னுக்க. நீ நின்னா கூடமே ரொம்பிப் போவுது."

"உன் வாய மூடினா இன்னும் கொஞ்சம் எடம் கெடைக்கும்," என்றாள் திருமலையின் மனைவி.

லோகநாதன் காலை நீட்டினான். டிரங்குப் பெட்டியின் மூலை முட்டியில் இடித்தது.

"பேஜாருடா உன்னோட! என் ஊட்ல எனக்குப் படுக்க எடமில்ல."

"இந்த ஒரு வாட்டிண்ணே. மில்லுல என் சீட்டு கிழிஞ்சது உனக்குத் தெரியாததா? பழவேற்காட்ல என் மாமன் அவரு படக தை மாசம் வரைக்கும் எனக்குன்னு நிறுத்தி வச்சிக்கினு கீறாரு. இந்த ஊட்ட வித்தாத்தான் அத வாங்க முடியும். இல்லன்னா வேற ஆள் கைக்குப் போய்டும்."

"போன வாரமும் இதான் சொன்ன."

திருமலை வாசலுக்கு ஓடினான். ஆள் வந்துவிட்டது. அரசப்பன் என்று பெயர். கையில் குடை, தோளில் துண்டு.

"பரவால்லியே, கூடம் தாராளமா கீதே!" அவர் சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டது.

லோகநாதனுக்குப் பொறுக்கவில்லை. லுங்கியை இறுக்கிக்கொண்டு எழுந்தான்.

"எங்க போற?" என்றாள் எல்லம்மா. "சும்மா இரு. அவன் பொழப்புல மண்ணப் போடாத."

"இன்னியோட இந்தக் கூத்து முடியணும்."

வெளியே போய், படியிறங்கிய அரசப்பனை மறித்தான்.

"பெரியவரே, இப்பிடி வாங்க. ரெண்டு ஊடும் ஒரே அளவு. சாமான் வச்சா எப்பிடி இருக்கும்னு என் ஊட்டயும் பாத்துட்டுப் போங்க."

கதவை அகலத் திறந்துவிட்டான்.

தணிகாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார். திருமலை தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். திட்டியிருந்தால் லோகநாதனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அரசப்பன் நிலைப்படியில் நின்று பார்த்தார். இரண்டு பீரோ, இரண்டு கட்டில், மேலும் கீழுமாகப் பெட்டிகள். நடுவில் ஒரு பாய் விரிக்க இடம்.

"இதுல பாதி அவங்களுதா?"

"ஆமா."

"எத்தினி நாளா?"

"ஒரு மாசமா. ஆள் வரப்பல்லாம் இங்க வந்துடும்."

"அப்ப நீங்க எங்க படுப்பீங்க?"

"அதத்தான் நானும் கேக்கறேன்!"

அரசப்பன் திருமலை பக்கம் திரும்பினார். "நாளைக்கே பேசி முடிச்சிக்கலாம், தம்பி."

"அய்யா, கூடம்..." என்று தணிகாசலம் உளறினார்.

"கூடம் சின்னதுன்னு நுழையறப்பவே தெரிஞ்சிதுய்யா. உன் மனசு கோணக்கூடாதுன்னு தாராளம்னேன். எனக்குத் திருப்பாச்சூர் பக்கம் கழனி நடுவுல ரெண்டு கட்டு ஊடு கீது. மாடு கூட உள்ளாறயே சுத்தி வரும். போன கார்த்திகையில நான் இல்லாதப்ப என் சம்சாரத்துக்கு மூச்சு முட்டிப்போச்சு. விடிய விடியக் கூவியிருக்கா. இன்னான்னு கேக்க ஒரு ஆள் இல்ல. அதான் ஊடு ஊடா ஏறி எறங்கறேன். எல்லாரும் கூடத்தத்தான் காட்டினாங்க. பக்கத்து ஊட்டுக் கதவத் தொறந்து காட்டினது இவரு ஒருத்தர்தான்."

திருமலை நிமிர்ந்து பார்த்தான். லோகநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தம்பி," என்று அரசப்பன் லோகநாதனின் தோளில் கை வைத்தார். "சுண்ணாம்பு அடிச்சு முடிக்கற வரைக்கும் எங்க சாமானையும் ரெண்டு நாள் இங்க போட்டுக்கலாமா?"

லோகநாதன் எல்லம்மாவைப் பார்த்தான். அவள் முறத்தோடு அடுப்போரம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, மறுபடியும் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.