பெரியமேளம் முடிந்த பிறகு

"உதுவும் ஒரு ஊரே?" என்றான் சண்முகநாதன். "பொழுதுபட்டால் எல்லாரும் செத்தமாதிரிப் படுத்திடுறியள்."

மலாயாவில், ஈப்போப் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவன். யாழ்ப்பாணத்தில் படித்தால்தான் சீனியர் சோதனை பாஸ் பண்ணலாம் என்று தகப்பன் கப்பலேற்றி அனுப்பிவிட்டார். போர்டிங்கில் சேர்ந்த நாளிலிருந்து ஈப்போ புராணம்தான்.

"இந்நேரம் ஈப்போவிலை தெரு முழுக்க லைற். படம் ஓடும், டான்ஸ் நடக்கும். சீனன் றோட்டிலை வைச்சு மீ பிரட்டுவான்."

"மீயோ? அதென்ன, பூனையோ?" என்றான் பக்கத்துக் கட்டில் தம்பிஐயா. வல்வெட்டித்துறைக்காரன். எவரையும் சும்மா விடமாட்டான்.

"சீனன்ரை இடியப்பமடா," என்றான் சண்முகநாதன், சிரிக்காமல். அன்றைக்கும் அவன் புட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"சனிக்கிழமை சித்தப்பா வருவார். என்னைத் திருப்பிக் கப்பலேத்தி விடுங்கோ எண்டு சொல்லப்போறன்."

"சோதனை?"

"வேண்டாம்."

"கப்பலேத்தி அனுப்பின கொப்பர் என்ன செய்வார்?"

"அடிப்பார். அடிக்கட்டும். அங்கை வெளிச்சத்திலை நிண்டு அடி வாங்குவன்."

இதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? தம்பிஐயா போர்வையை உதறிக்கொண்டு எழும்பினான்.

"வேட்டியைக் கட்டு. கோயிலிலை திருவிழா. மதில் ஏறுவியோ, இல்லாட்டி ஈப்போவிலை அதுக்கும் சீனன் தூக்கி விடுறவனோ?"

"செபநாயகம் மாஸ்ரர் பிடிச்சால்?"

"பள்ளிக்கூடத்தாலை கலைப்பார். நீ போகத்தானே நிக்கிறாய்?"

சண்முகநாதன் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு மதிலில் ஏறினான்.

செபநாயகம் மாஸ்ரர்தான் போர்டிங்குக்குப் பொறுப்பு. கிறிஸ்தவர்; ஊர்ப்பேச்சில் வேதக்காரர். கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும் பெரியமேளத்தோடு நிறுத்தாமல், இந்தியாவிலிருந்து பெண்களைக் கூப்பிட்டுச் சின்னமேளம் என்று விடியவிடிய ஆட வைக்கிறார்களே என்று காலைச் செபத்தில் தவறாமல் கொதிப்பார். "அதைப் பாத்த கண் பிறகு புத்தகம் பாக்குமோ?" என்பார்.

கோயில் வீதி காஸ் லைற்றில் பகல்போல இருந்தது. ஒரு பக்கம் வாணம். ஒரு பக்கம் கச்சான் கடலைக்காரி. நடுவில் இரண்டு தவில்காரர் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு அடித்த அடியில் சண்முகநாதன் வாயை மூட மறந்துபோனான். தம்பிஐயா அந்த வாய்க்குள் ஒரு கச்சானைப் போட்டான்.

"எப்பிடி, ஈப்போ?"

"கதையாதை. தவிலைக் கேள்."

பெரியமேளம் முடிந்தது. சலங்கைச் சத்தத்தோடு சின்னமேளக்காரி ஒருத்தி வந்தாள்.

"போவமோ?" என்றான் சண்முகநாதன், இருந்த இடத்தைவிட்டு அசையாமல்.

தம்பிஐயாவும் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சண்முகநாதன் மெல்லச் சொன்னான். "மச்சான், ஈப்போ டான்ஸ்காரியள் காலாலை மட்டுந்தான் ஆடுவினம். இவ கண்ணாலையெல்லே ஆடுறா."

திரும்பி வந்து மதிலால் குதித்தபோது, கீழே அரிக்கன் லாம்போடு செபநாயகம் மாஸ்ரர் நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. அவ்வளவு கோபம்.

"காலமை என்ரை அறைக்கு வாங்கோ. இரண்டு பேரும்."

காலையில் சண்முகநாதனைத்தான் முதலில் பிடித்தார்.

"பெட்டியைக் கட்டு. சனிக்கிழமை சித்தப்பாவோடை போ."

சண்முகநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அடியுங்கோ சேர். அனுப்பிப்போடாதையுங்கோ."

"இதென்ன புதுக் கதை? நீ போகத்தானே நிண்டனி? இஞ்சை இருண்டால் ஒண்டுமில்லை எண்டும் சொன்னியாம்?"

"ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை தேர், சேர்..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது. அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்.

"படிக்கிறன் சேர். சத்தியமாப் படிச்சுச் சோதனை எழுதுவன். கப்பல் வேண்டாம்."

மாஸ்ரர் பிரம்பை எடுத்தார். உள்ளங்கையில் ஒன்று போட்டார். அதை அடி என்று சொன்னால் பிரம்பே சிரிக்கும்.

"போ. போய் வயிறு நிறையச் சாப்பிடு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு ஓடினான். மாஸ்ரர் எழும்பிக் கதவைச் சாத்தினார். தம்பிஐயா கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"கையைக் கீழை விடு," என்றார் மாஸ்ரர், குரலைத் தணித்து. "பெடியன் சாப்பிடாமல் கிடக்கிறான், ஒருக்கால் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போ எண்டு நான்தான் சொன்னனான். ஓம். ஆனால், பெரியமேளம் முடிஞ்ச கையோடை திரும்பி வா எண்டும் சொன்னனானெல்லே? சின்னமேளத்துக்கு ஆரடா உங்களை இருக்கச் சொன்னது?"

தம்பிஐயா தலையைச் சொறிந்தான்.

"நான் எழும்பத்தான் பாத்தனான் சேர். எங்களுக்கு முன்னாலை, சால்வையாலை தலையை மூடிக்கொண்டு இருந்த நீங்கள் எழும்பாமல், நாங்கள் எப்பிடிச் சேர் எழும்புறது?"