தலைவர் புரளாத கோடை

அந்தக் குளத்தில் எருமைகள்தான் முதலில் தண்ணீர் குடிக்கும். குடித்த கையோடு உள்ளே இறங்கிப் புரளும். மற்றவர்களுக்கு மிச்சம் சேறுதான். பழைய வழக்கத்தைக் காப்பேன் என்று சொல்லித்தான் கரியன் எருமைகளுக்குத் தலைவரானார். ஆனால் கன்றாக இருந்தபோது அவரும் கூட்டத்தின் கடைசியில் நின்று சேறு குடித்தவர்தான்.

அந்தக் கோடையில் குளம் வற்றத் தொடங்கியது. மைனா நேரே வந்து அவர் கொம்பில் உட்கார்ந்தது.

"இது என்ன நியாயம், தலைவரே? சேற்றைக் குடித்து ஆட்டுக்குட்டிகள் சாகின்றன. இன்னும் என்ன வழக்கம் வேண்டிக் கிடக்கிறது?"

"எருமைகள்தான் முதலில் குடிக்கும். அதை மாற்ற மாட்டேன்."

மைனா கத்த வாயைத் திறந்தது.

"இரு, அம்மா. எல்லோரும் குடித்த பிறகுதான் நாங்கள் புரளுவோம்."

கிழட்டு எருமை ஒன்று சீறியது. "இந்த வெயிலில் தோல் வெடித்துவிடும், தம்பி! அடுத்த முறை உன்னை யார் தலைவராக்குகிறார்கள் என்று பார்க்கிறேன்."

"பாருங்கள், அண்ணே." கரியன் கரையில் நின்றபடியே குடித்துவிட்டு, முதல் ஆளாக வெயிலில் போய் நின்றார். மற்ற எருமைகள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தன. ஆட்டுக்குட்டிகள் தெளிந்த தண்ணீர் குடித்தன.

மழை வந்ததும் எருமைகள் வேறு தலைவரைத் தேர்ந்தெடுத்தன. "எல்லோரும் குடித்த பிறகே புரளும் நம் பழைய வழக்கத்தைக் காப்பேன்!" என்று புதியவர் முழங்கினார்.

கரியனின் முதுகில் இருந்த மைனா துள்ளியது. "அது நீங்கள் கொண்டுவந்தது! போய்ச் சொல்லுங்கள்!"

"சத்தம் போடாதே, அம்மா. காதுக்குப் பின்னால் ஓர் உண்ணி கடிக்கிறது, கொஞ்சம் பார்."